அந்தமானில் குடும்பத்தோடு ஆறு நாள்: எங்கெங்கே பிசகும்?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில், சென்னையிலிருந்து ஆறு பேர் அந்தமான் போகிறீர்கள். நீங்கள், உங்கள் கணவர், பதினொரு வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண், எழுபதைத் தாண்டிய மாமனார், முட்டிவலியோடு மாமியார். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக் தீவில் இரண்டு இரவு, நீல் தீவில் ஒரு இரவு. ஆறாம் நாள் காலை நீலில் படகேறி, போர்ட் பிளேர் வந்து, மதியம் விமானம். ஏற்கெனவே போய்வந்த தோழிகள் ஆளுக்கொரு கதை சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எதெல்லாம் நிஜமாகவே பிசகும், எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது கேள்வி.

நான் போர்ட் பிளேரில் வளர்ந்தவன். சீசன் தொடங்கிவிட்டால் மெயின்லேண்டிலிருந்து சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம், அப்பாவின் நண்பர் குடும்பம் என்று யாராவது எங்கள் வீட்டில் பெட்டியை இறக்குவார்கள். அவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. இங்கே வரும் சங்கடங்களில் முக்கால்வாசி துரதிர்ஷ்டத்தால் வருவதில்லை. ஊர் சுற்றும் திட்டத்தை ஹோட்டலை வைத்துப் போடுகிறோம். கடலை வைத்துப் போடுவதில்லை. படகு எப்போது ஓடும், எந்தக் கரையில் எந்த மாதம் குளிக்கலாம், எத்தனை மணிக்கு நீர் வற்றும், எத்தனை மணிக்கு இருட்டும் என்பதையெல்லாம் கடலும் காற்றும் சூரியனும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கின்றன.

முதலில் உங்கள் திட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை. ஆறாம் நாள் காலை நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்பதை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். ஹேவ்லாக் போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில், திறந்த கடலைத் தாண்டி இருக்கிறது. நீலும் அதே மாதிரிதான். காற்று கூடினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். சில சமயம் முந்தைய இரவே சொல்வார்கள், சில சமயம் ஜெட்டி எனும் படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போது சொல்வார்கள். டிக்கெட் பணம் திரும்பி வரும். போன விமானம் திரும்பி வராது.

டிசம்பர் நல்ல சீசன் ஆயிற்றே என்பீர்கள். ஆமாம், பெரும்பாலான நாட்களில் கடல் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் மாதங்களில் நவம்பரும் டிசம்பரும் உண்டு. சென்னையில் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன வர்தா புயல் நினைவிருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று அது உங்கள் ஊரில் கரையைக் கடந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, அது இன்னும் வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தபோதே, அந்தமானைப் புரட்டிப் போட்டது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன. அவ்வளவு பெரிதாக எல்லா வருடமும் நடக்காது. ஒரு நாள், ஒன்றரை நாள் படகு நிற்பது சாதாரணம்.

ஆகவே இப்படி மாற்றுங்கள். முதல் நாள் வந்து இறங்கி போர்ட் பிளேரில் தூங்குங்கள். இரண்டாம் நாள் காலையிலேயே ஹேவ்லாக். இரண்டு இரவு அங்கே, அடுத்த ஓர் இரவு நீல். ஐந்தாம் நாள் மதியத்துக்குள் போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள், கடைசி இரவு அங்கேயே. செல்லுலர் சிறை, அபர்டீன் பஜார், கடை கண்ணி எல்லாவற்றையும் அந்த மிச்ச நேரத்துக்குத் தள்ளிவிடலாம். படகு ஒரு வேளை தாமதமானாலும் தாங்கும். இருக்கும் அதே ஐந்து இரவுதான், வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இன்னொரு சின்ன விஷயம். ஹேவ்லாக்குக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர், நீலுக்கு ஷஹீத் தீவு. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார். பதற வேண்டாம், எல்லாம் ஒரே இடம்தான்.

படகில் வாந்தி. தோழிகள் சொன்னதில் இது நூற்றுக்கு நூறு உண்மை. தனியார் படகுகள் வேகமானவை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் போய்விடும். மூடிய ஏசி அறைக்குள் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். துறைமுகத்தைத் தாண்டும்வரை எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், தாண்டிய பிறகு ஒரு அமைதி வரும். அப்புறம் ஊழியர் கையில் பையோடு ஓடுவார். ஒருவர் தொடங்கினால் போதும், நாற்றத்திலேயே அடுத்தடுத்த வரிசை விழும். வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதாக இருந்தால் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. படகேறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாமனார் ரத்த அழுத்தத்துக்கோ புராஸ்டேட்டுக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் அவருக்கும் கேட்டுவிடுங்கள். குமட்டலுக்கான இந்த மாத்திரைகள் சில முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கும். இருக்கை கிடைத்தால் படகின் நடுவில், கீழ்த்தளத்தில். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். பையன் கையில் போனைக் கொடுக்காதீர்கள். திரையைக் குனிந்து பார்க்கிறவனுக்குத்தான் முதலில் வரும்.

அடுத்தது கடிகாரம். இதை யாருமே எதிர்பார்ப்பதில்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமான் கிட்டத்தட்ட 93 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் சூரியன் இங்கே நாற்பது நிமிடம் முந்தி. டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டி சூரியன் மறைந்துவிடும், ஐந்தரைக்கு நல்ல இருட்டு. மதியம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, நான்கரைக்குக் குழந்தைகளைக் கிளப்பி ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் போனால், வண்டி நிறுத்துவதற்குள் காவலர்கள் விசில் அடித்து எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். குழந்தை அழும். நாளைக்கு நீல் போகிறோம் என்பதால் மறு வாய்ப்பும் கிடையாது. இரண்டு மணிக்கே கடற்கரையில் இருங்கள். காலையில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும், பிள்ளைகள் தானாக எழுந்துவிடுவார்கள்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண் உண்டு. மூன்றாம் எண் கோவிந்தநகர், ஐந்து விஜயநகர், ஏழு ராதாநகர். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து 1950களில் குடியேற்றப்பட்டவர்கள் வைத்த ஊர்ப் பெயர்கள் அவை. விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், விஜயநகர்ப் பக்கம். ராதாநகர் மேற்குக் கரையில். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரை கொந்தளிக்கும். ராதாநகரில் குழந்தைகளை இறக்கவே கூடாது. நீங்கள் போகும் டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், ராதாநகர் தணிந்திருக்கும். மணல் தரை, பாறை குறைவு, காவலர்கள் உண்டு. குழந்தைகள் குளிக்க அதுதான் சரியான இடம். விடுதி வாசலிலேயே கடல் இருக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம் என்று மாமனார் கேட்பார். அந்த வாசல் கடலில் அடியில் பாறையும் பவளமும். நீர் வற்றிவிட்டால் முழங்கால் ஆழம்கூட இல்லாமல் வெகுதூரம் கல்லாகக் கிடக்கும். பார்க்க அழகு, குளிக்க முடியாது.

இந்த வற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை மெரினாவில் ஏற்ற வற்றம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, ஒரு மீட்டருக்கு மேல் போனால் அதிகம். இங்கே அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இரண்டு மீட்டர் வரை போகும். தரை சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால், அந்த இரண்டு மீட்டருக்குக் கடல் பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு மைதானத்தையே காலி செய்துவிடும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் சொச்சம். தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நீல் தீவில் இது இரண்டு பக்கமும் வெட்டும். லட்சுமண்பூரில் இருக்கும் பாறைப் பாலத்துக்கு வற்றத்தில்தான் நடந்து போக முடியும், ஏற்றத்தில் வழியே இருக்காது. பரத்பூரில் கண்ணாடி அடித்தளப் படகு ஓட ஏற்றம் வேண்டும், வற்றத்தில் படகு தரை தட்டும். ஒரே இரவு நீலில் தங்குகிறவர்கள் நேரம் பார்க்காமல் போனால் இரண்டையும் தவறவிடலாம். தவறவிட்டுவிட்டு, ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போட்டவர்களும் உண்டு. விடுதியில் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டால் சொல்வார்கள், போனிலும் கிடைக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் என்றைக்கு வருகின்றன என்பது உங்கள் வீட்டு காலண்டரிலேயே இருக்கிறது.

நாகப்பட்டினத்து அத்தை ஒருவரை எங்கள் அப்பா நீலுக்குக் கூட்டிப் போயிருந்தார். காலையில் திண்ணையிலிருந்து பார்க்கிறார், முந்தின நாள் மாலை இருந்த கடல் காணோம். பேரப்பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அவர் பார்த்தது அப்படி. அந்தமானும் அன்று பட்டது கொஞ்சமல்ல. அவருடைய பயம் சரியான பயம்தான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. அன்றாட வற்றம் மணிக்கணக்கில் மெல்ல நடக்கும். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கினால் அது சில நிமிடங்களில் நடக்கும், பெரும்பாலும் நிலநடுக்கத்துக்குப் பிறகு. தரை பலமாக ஆடினால் யாரையும் கேட்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். உங்கள் மாமியார் கடலோர ஊர்க்காரராக இருந்தால் வற்றத்தைப் பற்றி முன்னாடியே சொல்லி வைத்துவிடுங்கள்.

வற்றத்தில் நடப்பதால் வரும் காயங்கள் தனி. செத்த பவளம் சவரக் கத்தி மாதிரி கீறும். கீறல் சின்னதாகத் தெரியும், ஆனால் பவளத் துகள் உள்ளே தங்கினால் நாலைந்து நாளில் சீழ் பிடிக்கும். உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், வலிக்கத்தான் செய்யும். டெட்டனஸ் ஊசி எல்லோருக்கும் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். கால் நழுவாத, பின்னால் பட்டி வைத்த பழைய செருப்பு ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். புதுசு வாங்க வேண்டாம். மாமியாரை லட்சுமண்பூர்ப் பாறைகளில் நடக்கவே விடாதீர்கள், பாசி வழுக்கும். பரத்பூர் கரையில் நாற்காலியும் இளநீரும் கிடைக்கும்.

எலிஃபென்ட் பீச்சும் அவருக்கு ஒத்துவராது. ஜெட்டியிலிருந்து வேகப்படகு, இறங்கும் இடத்தில் தண்ணீருக்குள் கால் வைத்து ஏணி இறங்க வேண்டியிருக்கும். காட்டு வழியாக நடந்து போகும் பாதை இன்னும் மோசம், சேறு. மற்றவர்கள் போய் வாருங்கள், குழாயில் மூச்சு விட்டபடி மிதந்து கடலடியைப் பார்க்கும் ஸ்நோர்க்கலிங்குக்கு ஹேவ்லாக்கில் அதுதான் சுலபமான இடம். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட்டின் கால்பட்டியும் மாட்டியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். சிறியவளுக்கு அளவு பெரிதாக இருந்தால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

சிலிண்டர் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் போகும் ஸ்கூபா பற்றி உங்கள் பையன் கேட்டுக்கொண்டே இருப்பான். பொதுவாகப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள், அவனுக்குச் சரி. சளி பிடித்திருந்தால் வேண்டாம். மூக்கடைத்திருக்கும்போது காதில் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது, செவிப்பறை கிழியும் வரை போகலாம். இன்னொன்று, நீருக்கடியில் போய்வந்த உடனே விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், பதினெட்டு மணி நேரம் விடுவது நல்லது, இருபத்து நான்கு என்றால் இன்னும் நிம்மதி. நான் சொன்ன வரிசைப்படி மூன்றாம் நாள் ஸ்கூபா வைத்தால் இந்தக் கவலை வராது.

மணல் ஈ. கொசுவைவிடச் சின்னது, கடிக்கும்போது தெரியாது. மறுநாள் கால் முழுக்கச் சிவந்த புள்ளிகள், ஒரு வாரம் அரிக்கும். காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் ஈர மணலிலும் காய்ந்த பாசிக் குவியலிலும்தான் அதிகம். மணலில் நேராகப் படுக்காதீர்கள். இங்கே நாங்கள் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகத் தடவிக்கொள்வோம். பூச்சி விரட்டும் களிம்பும் வேலை செய்யும். சொறிந்தால் புண்ணாகும் என்று பெரியவர்களுக்கே சொல்லிப் புரியாது, குழந்தைக்கு நகத்தை வெட்டிவிடுவதுதான் வழி.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள். இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களை வெடிக்க வைக்கும். கடல் தண்ணீரால் அலசி, இழைகளை இடுக்கியால் மெல்ல எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வலி குறையும். மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனை. ஹேவ்லாக்கில் அரசு மருத்துவ நிலையம் இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அதனால் மாமனார் மாமியாரின் மாத்திரைகள் திட்டத்தைவிட மூன்று நாளுக்காவது கூடுதலாக, கைப்பையில்.

முதலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. உப்புநீர் முதலை இங்கே சதுப்பு நில ஓடைகளில் வாழும், சமயத்தில் கடலிலும் நீந்தும். 2010இல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் சேரும் முகத்துவாரத்திலும், இருட்டிய பிறகும் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும். உண்மையில் முதலையைவிட நீரோட்டம்தான் ஆளை இழுக்கும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதைப் பையனுக்கு வீட்டிலேயே படம் போட்டுக் காட்டுங்கள். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் போன் இல்லாமல் நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கிளிஞ்சலும் பவளத் துண்டும் பொறுக்குவது பிள்ளைகளின் ஜென்ம சுபாவம். ஆனால் பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் வருகின்றன. விமான நிலைய எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். பெட்டியைத் திறந்து, எடுத்து வைத்துவிட்டு, கேள்வி கேட்டு, உங்கள் பெண் அழுது, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கரையில் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

போன் சிக்னல் பற்றித் தோழிகள் சொன்னது பழைய கதை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நிலைமை நன்றாகவே மாறிவிட்டது. இருந்தாலும் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பிலேயே இந்தத் தீவுகளில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 15 சதவீதம். போர்ட் பிளேரில் மாமியாருக்கு இட்லியும் ரசமும் கிடைக்கும், கடையில் தமிழிலேயே பேரம் பேசலாம். ஹேவ்லாக்கில் மட்டும் மீன் குழம்பில் கடுகெண்ணெய் வாசம் வரும், முன்கூட்டியே சொன்னால் மாற்றிச் செய்வார்கள். பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு ஏஜென்ட் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். விடியாத இருட்டில் கிளம்பி, வாகன வரிசையில் காத்திருந்து போகும் நீண்ட பயணம், முட்டிவலிக்கு ஆகாது. அதோடு அந்தப் பாதை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போகிறது. அவர்களைப் பார்க்கப் போவதாக நினைக்கிற கூட்டத்தில் நீங்கள் சேர வேண்டாம்.

கடைசியாக, மாமனார் சென்னையிலிருந்து கப்பலில் போகலாமே என்கிறாராம். ஆசை நியாயமானது, எங்கள் தாத்தா தலைமுறை முழுக்க அப்படித்தான் வந்தது. ஆனால் போக மட்டும் ஏறத்தாழ 60 மணி நேரம், மாதத்துக்குச் சில நாட்கள்தான் புறப்பாடு, ஆறு நாள் விடுமுறைக்குள் அடங்காது. அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். நீலிலிருந்து போர்ட் பிளேர் திரும்பும்போது தனியார் படகை விட்டு அரசுப் படகில் டிக்கெட் கிடைக்கிறதா பாருங்கள். வேகம் குறைவு, நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், மேல்தளத்தில் வெளியே நின்று காற்று வாங்கலாம். உள்ளூர்க்காரர்கள் காய்கறி மூட்டையோடு ஏறுவார்கள், பேச ஆள் கிடைக்கும். டிசம்பர் கடைசியில் அந்த டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த அன்றே வாங்குங்கள். ஜெட்டியில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள், பிள்ளைகளின் ஆதார் உட்பட.